சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு யார் காப்பீடு செய்வது? ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றின் அனுபவம்

ஆண்டு மலரில் சிலப்பதிகாரம் பற்றி எழுதலாம், சோழர் செப்பேடு பற்றி எழுதலாம். ஆப்பிரிக்காவில் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுகிறார்கள் என்று எழுத என்ன அவசியம் வந்தது என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் என் பதில் இது. வெளிமாநிலத்தில் வேலைக்கு வந்த நம்மில் பலர் வீட்டில் கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதே வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் அது இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும் ஆட்டோக்காரரிடமும் இல்லை. உழைப்பில் அவர்கள் நமக்குக் குறைந்தவர்கள் அல்ல. அவர்களிடம் சம்பளச் சீட்டு இல்லை, அவ்வளவுதான். இந்தச் சிக்கலை நம்மைவிடப் பெரிய அளவில் சந்தித்து, நம்மைவிடக் குறைந்த பணத்தோடு அதற்கு வழி தேடியவர்கள் ஆப்பிரிக்க நாட்டவர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி ஆப்பிரிக்காவில் உழைப்பவர்களில் நூற்றுக்கு 85 பேர் முறைசாராத் தொழிலில் இருப்பவர்கள். அதாவது சிறு விவசாயி, சந்தையில் தக்காளி விற்கும் பெண், மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுபவர், மூட்டை சுமப்பவர்.

சமூகக் காப்பீடு என்ற ஏற்பாடு இவர்களை மனதில் வைத்து உருவானதல்ல. 1883-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம்தான் அதன் மூலம். தொழிலாளி கொஞ்சம், முதலாளி கொஞ்சம். சம்பளம் கையில் வருவதற்கு முன்பே பிடித்தம். நம் நாட்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் (1948) இதே அச்சில் வார்த்ததுதான். கென்யா சுதந்திரம் பெற்ற மூன்றாம் வருடம், 1966-ல், தேசிய மருத்துவமனைக் காப்பீட்டு நிதியைத் தொடங்கியபோதும் இதே அச்சுதான். ஆலையும் அலுவலகமும் இருக்கும் இடத்தில் இது அழகாக வேலை செய்யும். பிடித்தம் செய்ய ஒரு கணக்கர் இருக்கிறாரே! சந்தையில் உட்கார்ந்து தக்காளி விற்கும் பெண்ணிடம் யார் பிடித்தம் செய்வது?

ஆகவே அவர்கள் ரொக்கமாகக் கொடுத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் சுதந்திரம் வந்த புதிதில் அரசு மருத்துவம் பெரும்பாலும் இலவசமாக இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் பொருளாதாரம் சரிந்து மருந்து அலமாரிகள் காலியாயின. கடன் கொடுத்த சர்வதேச நிறுவனங்களின் அறிவுரையும் சேர, 1985-ல் கட்டணம் ஏற்றப்பட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘கேஷ் அண்ட் கேரி’. மளிகைக் கடை மாதிரி: காசை வை, சரக்கை எடு. காசு இல்லாதவர் காய்ச்சல் முற்றும்வரை வீட்டில் கிடந்தார். முற்றிய பிறகு வந்தால் செலவும் அதிகம், பிழைப்பதும் அரிது.

இந்தக் கட்டண முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கென்யாவிலிருந்து ஒரு வழக்கைச் சொல்லலாம். நைரோபியின் பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிரசவித்த இரண்டு தாய்மார்கள், பில் பாக்கிக்காக வெளியே விடப்படாமல் வைக்கப்பட்டார்கள். குழந்தை பெற்றவள் கடன்காரக் கைதி ஆகிவிட்டாள்! 2015-ல்தான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அப்படிப் பிடித்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது.

சரி, காப்பீடு ஆரம்பித்தால் போச்சு என்று தோன்றும். ஆரம்பித்தும் பார்த்தார்கள். கானாவின் உட்பகுதியில் என்கொரான்சா என்ற ஊரில் கத்தோலிக்கத் திருச்சபையின் மருத்துவமனை 1992-ல் ஒரு திட்டம் தொடங்கியது. வருடத்துக்கு ஒருமுறை சிறு சந்தா. உள்நோயாளியாகச் சேர்ந்தால் செலவைத் திட்டம் ஏற்கும். நல்ல எண்ணம், நல்ல நிர்வாகம். ஆனாலும் அந்த வட்டாரத்து மக்களில் பெரும்பான்மையோர் வெளியேதான் நின்றார்கள். இது ஏன் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். விருப்பப்பட்டால் சேரலாம் என்று வைத்தால், உடம்பு சரியில்லாதவர் முதலில் ஓடி வருவார், கர்ப்பிணி வருவாள், திடகாத்திரமான இளைஞன் ‘எனக்கு எதுக்குங்க இது’ என்று போய்விடுவான். செலவு ஏறும். சந்தாவைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமானவர்கள் கழன்றுகொள்வார்கள். சந்தாவைக் குறைத்தால் நிதி காலி. ஆப்பிரிக்கா முழுவதும் தொண்ணூறுகளில் முளைத்த நூற்றுக்கணக்கான கிராமக் காப்பீட்டுச் சங்கங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன.

கானா அரசு இதிலிருந்து வெளியே வந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2000-ம் ஆண்டுத் தேர்தலில் ‘கேஷ் அண்ட் கேரி’யை ஒழிப்போம் என்று வாக்குறுதி கொடுத்து ஜான் குஃபூர் ஆட்சிக்கு வந்தார். 2003-ல் தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. காப்பீடு என்று பெயர் வைத்தார்களே தவிர, அதன் முதுகெலும்பு சந்தா அல்ல, வரி. கடைகளில் விற்கும் பெரும்பாலான பொருள்கள், சேவைகள் மீது மதிப்புக்கூட்டு வரியோடு ஒட்டி நூற்றுக்கு இரண்டரை என்று ஒரு தனி லெவி. அது மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும். இரண்டாவதாக, மாதச் சம்பளக்காரர்களின் ஓய்வூதியச் சந்தாவிலிருந்து இரண்டரை சதவீதப் புள்ளி இந்த நிதிக்குத் திருப்பிவிடப்பட்டது. ‘எங்கள் பென்ஷன் பணத்தில் கை வைக்கிறீர்களா?’ என்று தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கின, அரசு பின்வாங்கவில்லை. மூன்றாவதுதான் முறைசாராத் தொழிலாளர்களின் வருடச் சந்தா: அன்றைய நாணயத்தில் 72,000 சேடி முதல் 4,80,000 சேடி வரை. (பயப்பட வேண்டாம், 2007-ல் நான்கு சுழியை வெட்டி 7 சேடி 20 முதல் 48 வரை என்று ஆக்கிவிட்டார்கள்.) நிதியின் மொத்த வருமானத்தில் இந்த மூன்றாவது இனம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள், பரம ஏழைகள் ஆகியோருக்குச் சந்தா கிடையாது. 2008 ஜூலை முதல் கர்ப்பிணிகளுக்கும் கிடையாது. ஆக அட்டை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சந்தாவே கட்டாதவர்கள். எங்கள் பழைய மேலாளர் இதைக் கேட்டிருந்தால் ‘இது இன்ஷ்யூரன்ஸே இல்லப்பா’ என்றிருப்பார். உண்மைதான். தக்காளி விற்கும் பெண் சோப்பு வாங்கும்போது கொடுக்கும் லெவியில் அவளுடைய பங்கு ஏறிவிடுகிறது. அவளைத் தேடிப்போய் ரசீது போட ஆள் வேண்டியதில்லை.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. அட்டை எடுக்காதவளும் சோப்பு வாங்குகிறாள், லெவி கொடுக்கிறாள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அலுவலகம் தொலைவில், வரிசை நீளம், ஒரு நாள் வியாபாரம் போய்விடும். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் மக்கள்தொகையில் சுமார் 40 சதவீதத்தினரிடம்தான் செல்லுபடியாகும் அட்டை இருந்தது. விடுபட்டவர்களில் ஏழைகளே அதிகம். அவர்கள் கொடுத்த வரியில் மற்றவர்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னால் தவறாகாது. 2018 டிசம்பரில் கைப்பேசியிலேயே புதுப்பிக்கும் வசதி வந்த பிறகுதான் எண்ணிக்கை மளமளவென்று ஏறத் தொடங்கியது. பெரிய சீர்திருத்தங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு நாள் கூலி மிச்சமானது எவ்வளவு பெரிய சீர்திருத்தம் என்பதை யாரும் எழுதுவதில்லை.

இன்னொரு விஷயம், ஊர்விட்டு ஊர் வந்த நமக்குச் சட்டென்று புரியும். 2003 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனித் திட்டம். கானாவின் வடக்கு வறண்ட பூமி. அங்கிருந்து இளம்பெண்கள் பிழைப்புத் தேடித் தெற்கே தலைநகர் அக்ராவின் சந்தைகளுக்கு வந்து தலைச்சுமை தூக்குகிறார்கள். ‘கயாயேய்’ என்று அவர்களுக்குப் பெயர். அலுமினியத் தேக்சாவைத் தலையில் வைத்துக்கொண்டு வாடிக்கைக்காரர் பின்னால் ஓடும் இந்தப் பெண்களிடம் வடக்கு மாவட்டத்து அட்டை இருந்தாலும், அக்ரா மருத்துவமனை அந்தப் பணத்தை வடக்கிலிருந்து வசூலிக்கப் படாத பாடு படவேண்டும். எனவே தட்டிக் கழிப்பார்கள். 2012-ல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, மாவட்டத் திட்டங்களை எல்லாம் ஒரே தேசியத் திட்டமாகக் கலந்தார்கள். அட்டைக்கு ஊர் இல்லாமல் போனது.

கிழக்கே ருவாண்டா வேறு வழியில் போனது. பரப்பில் கேரளத்தைவிடச் சிறிய நாடு. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு வெளிநாட்டு நிவாரணத்தில் மருத்துவம் இலவசமாக நடந்தது. 1996-ல் மறுபடி கட்டணம் வைத்தார்கள். 1999 வாக்கில் சராசரியாக ஒரு ஆள் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் சுகாதார நிலையத்துப் பக்கம் போனார் என்கிறது கணக்கு. நோய் குறைந்ததால் அல்ல. அந்த வருடமே மூன்று மாவட்டங்களில் ‘முத்துவெல்’ என்ற கிராமக் காப்பீட்டுச் சங்கங்களைச் சோதனையாகத் தொடங்கினார்கள். பரஸ்பர உதவிச் சங்கம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. நம் காதுக்கு முத்துவேல் என்று விழுகிறது, என்ன செய்ய! 2003-ல் மக்களில் 7 சதவீதம் பேர் இதில் உறுப்பினர். 2010-ல் 91 சதவீதம். ஏழே வருடத்தில்.

இது எப்படி நடந்தது? ஒன்று, சேருவது கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதுவும் தனி ஆளாகச் சேர முடியாது. வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் கட்ட வேண்டும். நோயாளிப் பாட்டியை மட்டும் சேர்த்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்குவது நடக்காது. இரண்டு, மாவட்ட மேயர்கள் வருடந்தோறும் ஜனாதிபதியுடன் ‘இமிஹிகோ’ என்ற செயல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். பள்ளி, சாலை போல, எத்தனை பேரைக் காப்பீட்டில் சேர்த்தாய் என்பதும் அதில் ஒரு வரி. மேயருக்கு மார்க் குறைந்தால் பதவி ஆடும். மூன்று, ‘இபிமினா’. இது நம் பெண்கள் நடத்தும் சீட்டு மாதிரிதான். வாரா வாரம் சில்லறை போட்டு, சேர்ந்ததும் ஒவ்வொரு வீட்டுக்காக முத்துவெல் சந்தாவைக் கட்டிவிடுவார்கள். அறுவடைக்கு அறுவடை பணம் பார்க்கும் குடியானவரிடம் மொத்தத் தொகையை ஒரே நாளில் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

முதலில் எல்லோருக்கும் ஒரே சந்தா, தலைக்கு 1000 பிராங்க். 2011-ல் இதை மாற்றி மூன்று படியாக்கினார்கள்: பரம ஏழைக்கு 2000, அதை அரசும் உதவி நாடுகளும் கட்டும், நடுப்படிக்கு 3000, வசதியானவருக்கு 7000. நடுப்படியில் இருக்கும் ஆறு பேர் குடும்பம் 18,000 பிராங்க் கட்ட வேண்டும் என்பது சாதாரண விஷயம் அல்ல. யார் எந்தப் படி என்பதைக் கிராமத்தார் கூடி முடிவு செய்தார்கள். நம் ஊரில் வறுமைக் கோட்டுப் பட்டியல் தயாரித்த கதை தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு படி கீழே இறங்க ஊரே முண்டியடித்தது. சந்தா கட்டாத வீடுகளை உள்ளூர் அதிகாரிகள் நெருக்குகிறார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 91 சதவீதம் என்ற எண்ணில் மனமுவந்து சேர்ந்தவரும் இருக்கிறார், மேயருக்காகச் சேர்க்கப்பட்டவரும் இருக்கிறார். ஆனாலும் அவர் பிள்ளைக்கு மலேரியா வந்தால் சுகாதார நிலையத்தில் 200 பிராங்க் வைத்தால் போதும். மருத்துவமனைக்கு அனுப்பினால் பில்லில் பத்தில் ஒரு பங்கு.

நம் நாட்டோடு ஒப்பிட்டால் இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பொறாமை. 2018-ல் தொடங்கிய நம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் ஏழையிடம் சந்தா கேட்பதில்லை, வரிப்பணம்தான். தொகையும் பெரிசு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்தக் கார்டு பேசும். சர்க்கரைக்கு மாதா மாதம் வாங்கும் மாத்திரைக்கும், குழந்தையின் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதற்கும் அது வாய் திறக்காது. ஏழைக் குடும்பத்துப் பணம் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது அங்கேதான். நம்மைவிட எவ்வளவோ ஏழை நாடான ருவாண்டாவும், கானாவும் புறநோயாளிச் சீட்டையும் மருந்தையும் முதலிலேயே உள்ளே வைத்தன. மறுபக்கம், கானாவின் சட்டம் வந்தபோது டயாலிசிஸ் போன்ற பெருஞ்செலவு வைத்தியங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றன. இருக்கிற பணத்துக்குள் எதை முதலில் கொடுப்பது என்று அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். சிறுநீரகம் செயலிழந்தவரின் குடும்பத்துக்கு அந்த முடிவின் விலை என்ன என்பதும் தெரிந்தேதான்.

மறுபடி கென்யா. அங்கே ஏறக்குறைய அறுபது வருடமாகச் சந்தா வழியிலேயே நின்றார்கள். முறைசாராத் தொழிலாளிக்கு 2015 முதல் மாதம் 500 ஷில்லிங். கைப்பேசியில் பணம் அனுப்பும் எம்-பெசாவை 2007-லேயே உலகுக்குக் காட்டிய நாடு அது. சந்தாவையும் அதில் கட்டலாம். பொத்தானை அழுத்தினால் போச்சு. இருந்தும் 2022-ல் கென்யர்களில் நான்கில் ஒருவரிடம்தான் ஏதோ ஒரு மருத்துவக் காப்பீடு இருந்தது. கட்டும் வழி எளிதாக இருந்தும் கையில் மாதா மாதம் 500 இல்லை. 2023-ல் புதுச் சட்டம். 2024 அக்டோபர் முதல் பழைய நிதிக்குப் பதில் சமூக மருத்துவ ஆணையம். சம்பளக்காரருக்கு மொத்தச் சம்பளத்தில் 2.75 சதவீதம் பிடித்தம், உச்சவரம்பு இல்லை. மற்றவர்களிடம் வீட்டுக் கூரை என்ன, கழிப்பறை எப்படி என்றெல்லாம் கேட்டு வருமானத்தை மதிப்பிட்டுச் சந்தாவைச் சொல்வார்கள். மாதம் 300 ஷில்லிங்குக்குக் குறையாது, அதையும் ஒரு வருடத்துக்கு மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். பதிவு செய்தவர்கள் 2 கோடிக்கும் மேல். முறைசாராத் தொழிலாளர்களில் பணம் கட்டியவர்களோ அதில் சிறு பகுதிதான். 2025-ல் சந்தாவைத் தவணையாகக் கட்ட ‘போலே போலே’ என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். சுவாஹிலியில் ‘மெள்ள மெள்ள’ என்று பொருள். ருவாண்டாவின் சீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்த விஷயத்துக்கு நைரோபி இப்போதுதான் வந்திருக்கிறது.

கூரையை எண்ணி ஏழ்மையை அளக்கும் இந்த முறை மீது எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. தெற்கே லெசோத்தோ என்ற குட்டி மலைநாடு 2004-ல் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது ஏறக்குறைய ஒரே கேள்விதான் கேட்டது: வயது எழுபது ஆகிவிட்டதா? வேறு ஓய்வூதியம் வாங்காத எல்லோருக்கும் மாதம் 150 மலோத்தி. கூரை ஓடா கீற்றா என்று பார்க்க ஆள் அனுப்பவில்லை. அந்த ஆட்களுக்குக் கொடுக்கும் சம்பளமும் மிச்சம்.

கடைசியாக, அட்டை கையில் வந்த பிறகு நடப்பது. மருத்துவமனை வைத்தியம் பார்த்துவிட்டுக் காப்பீட்டு ஆணையத்துக்குப் பில் அனுப்புகிறது. கானாவில் அந்தப் பணம் மாதக்கணக்கில் வராமல் போனது. லெவி என்னவோ கடைகளில் நாள் தவறாமல் வசூலாகிறது, ஆனால் போய்ச் சேருவது நிதி அமைச்சகத்தின் பொதுக் கணக்கில். 2017-ல் ஒரு சட்டம் போட்டு, இப்படித் தனி நோக்கத்துக்காக ஒதுக்கிய வரிகளுக்கு எல்லாம் ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். மீதியை அரசு வேறு செலவுக்கு எடுத்துக்கொண்டது. மருத்துவமனை மருந்துக் கம்பெனிக்குக் கடன் வைக்கிறது, மருந்துக் கம்பெனி சரக்கை நிறுத்துகிறது. பிறகு டாக்டர் நல்லவிதமாகவே சொல்கிறார்: ‘மாத்திரை இங்கே இல்லை, வெளியில் வாங்கிக்கோ.’ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ‘கேஷ் அண்ட் கேரி’க்குத் திரும்பிவிடுகிறாள் அந்தப் பெண். அடுத்த வருடம் எதற்குப் புதுப்பிக்க வேண்டும் என்று அவள் நினைத்தால் யாரைக் குற்றம் சொல்வது?

2025 பட்ஜெட்டில் கானாவின் புதிய அரசு மருத்துவ லெவி மீதிருந்த அந்த உச்சவரம்பை நீக்கியது. வசூலாகும் லெவி முழுவதும் இனிக் காப்பீட்டு நிதிக்கே என்று அறிவித்தார்கள். இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை அறியப் பெரிய புள்ளிவிவரம் வேண்டாம். வடக்கு மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்து ஜன்னலில், அட்டையை நீட்டும் பெண்ணிடம் மாத்திரையைக் கொடுக்கிறார்களா, வெளியே வாங்கச் சொல்லித் துண்டுச் சீட்டைக் கொடுக்கிறார்களா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.